எட்டரை நிமிடப் பாட்டு: பிரிஸ்பேனின் டிரிபிள் ஸெட் வானொலி

சமுதாய வானொலி என்று பேச்செடுத்தாலே நம்மூரில் முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: "சினிமாப் பாட்டு போடாவிட்டால் யார் கேட்பார்கள்?" கேட்பவர்கள் மேல் தப்பில்லை. அதற்குப் பின்னால் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. பாட்டு ஆளைக் கூட்டுவதற்கு, விஷயம் அப்புறம். கோயில் கொடையில் மேடைக்கு முன்னால் நாற்காலி நிரம்பும்வரை மைக் செட்காரர் ரெக்கார்டு போடுவாரே, அந்த மாதிரி. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் 1975 முதல் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வானொலி இந்தக் கணக்கைப் புரட்டிப் போட்டது. அங்கே பாட்டுதான் விஷயம்.

நிலையத்தின் அழைப்புக்குறி 'ஃபோர் டிரிபிள் ஸெட்'. முன்னால் நிற்கும் 4 குயின்ஸ்லாந்து மாநிலத்துக்கு உரிய எண். தொடங்கியபோது ஸெட் இரண்டுதான், மூன்றாவது பின்னால் ஒட்டிக்கொண்டது. இன்று 102.1 எஃப்.எம். அலைவரிசையில் கேட்கிறது. ஒரு சின்ன வானொலி எந்தப் பாட்டைப் போடுகிறது என்பது அதன் பணப்பெட்டியையும் நண்பர்களையும் எதிரிகளையும், ஒரு கட்டத்தில் அதன் உயிரையுமே எப்படித் தீர்மானித்தது என்று இந்த ஒரு நிலையத்தை வைத்தே பார்த்துவிடலாம். அதற்காகத்தான் இதை எடுத்துக்கொண்டேன்.

முதல் நாள்

1975 டிசம்பர் 8, திங்கட்கிழமை, நண்பகல் 12 மணி. குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் செயின்ட் லூசியா வளாகத்தில், மாணவர் சங்கத்தின் இடத்தில் அமைந்த ஸ்டுடியோ. முதலில் போன பாட்டு, இங்கிலாந்தின் 'தி ஹூ' குழு 1971இல் வெளியிட்ட 'வோன்ட் கெட் ஃபூல்ட் அகெய்ன்'. 'இனி ஏமாற மாட்டோம்' என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பாட்டை முழுசாகக் கேட்டவர்களுக்கு அதன் தொடக்கம் தெரிந்திருக்கும். எடுத்த எடுப்பில் ஒரே ஒரு கிதார் அடி, பிறகு கிதார் வராது. ஒரு மின்விசைப்பலகை சுழன்று சுழன்று ஒரே கோலத்தைப் போட்டுக்கொண்டிருக்கும். இன்னும் ஏன் ஆரம்பிக்கவில்லை என்று தோன்றும் நேரத்தில்தான் டிரம்ஸும் கிதாரும் இடிந்து விழும். மொத்தம் எட்டரை நிமிடம். வானொலிகளுக்காகவே மூன்றரை நிமிடத்துக்கு வெட்டிய இன்னொரு பதிப்பும் இருந்தது. விளம்பரத்துக்கு நடுவே செருக அதுதான் வசதி. டிரிபிள் ஸெட் எடுத்தது எட்டரை நிமிடத்தை. அடுத்த பல வருடங்களுக்கான இசைக் கொள்கை முழுவதும் அந்த ஒரு தேர்விலேயே அடங்கியிருக்கிறது என்பேன்.

தேதியையும் கவனிக்க வேண்டும். அதற்கு நான்கு வாரம் முன்பு, நவம்பர் 11 அன்று, பிரதமர் காஃப் விட்லமை கவர்னர் ஜெனரல் பதவிநீக்கம் செய்திருந்தார். தேர்தலுக்கு இன்னும் ஐந்தே நாள். கல்வி நிறுவனங்களுக்கு வானொலி உரிமம் தரலாம் என்று முடிவெடுத்ததே விட்லம் அரசுதான். அந்த நேரத்தில் 'இனி ஏமாற மாட்டோம்' என்று ஒரு வானொலி வாயைத் திறந்தால் ஊருக்குப் புரியாமலா போகும்? ஆனால் அதே பாட்டு புதிதாக வரும் எஜமானனையும் நம்பாதே என்றுதான் முடியும். போட்டவர்கள் அதைத் தெரிந்தே போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடித்திருக்கிறது. ஐந்து நாள் கழித்து விட்லம் படுதோல்வி அடைந்தார்.

ஊரின் நிலைமை

பிரிஸ்பேனில் ஏன் இப்படி ஒரு வானொலி முளைத்தது என்று புரிய ஒரு பெயர் போதும்: ஜோ பியல்கி-பீட்டர்சன். கிங்கரோய் ஊரின் நிலக்கடலை விவசாயி, 1968 முதல் 1987 வரை குயின்ஸ்லாந்தின் முதல்வர். 1971இல் நிறவெறி தென்னாப்பிரிக்காவின் ரக்பி அணி விளையாட வந்தபோது எதிர்ப்பைச் சமாளிக்க மாநிலத்தில் ஒரு மாத அவசரநிலையையே அறிவித்தவர். போராட்டக்காரர்கள் டவர் மில் ஓட்டலுக்கு எதிரே கூடியபோது போலீஸ் தடியடி நடத்தியது. தாங்கள் நேரில் பார்த்ததும் செய்தியில் வந்ததும் வேறு வேறாக இருப்பதை அந்த மாணவர்கள் கண்டார்கள். சொந்தமாக ஒரு ஊடகம் வேண்டும் என்ற எண்ணம் அந்தத் தலைமுறையிடமிருந்து வந்தது.

1977 செப்டம்பரில் ஊர்வலங்களுக்கே முற்றுப்புள்ளி என்றார் முதல்வர். ஊர்வலத்துக்கு போலீஸ் அனுமதி மறுத்தால் அதுவரை நீதிபதியிடம் முறையிடலாம். சட்டத்தைத் திருத்தி, போலீஸ் கமிஷனரிடம் முறையிடு என்று ஆக்கினார்கள். திருடன் வீட்டிலேயே பிராது கொடுக்கிற கதை. அந்த அக்டோபர் 22 அன்று மட்டும் 418 பேர் கைதானார்கள்.

இந்தப் பக்கம் மட்டும் சொன்னால் டிரிபிள் ஸெட் ஒரு போராட்ட வானொலி என்று எழுதி முடித்துவிடலாம். பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. செய்தி அதன் ஒரு பகுதி. நாள் முழுக்க ஓடியது பாட்டு. அந்தப் பாட்டுக்குப் பிரிஸ்பேனில் வேறு நாதி இல்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை முழுசாகும்.

அப்போது நகரில் இருந்தவை ஏ.எம். நிலையங்கள். வணிக நிலையங்களில் இளைஞர்கள் கேட்டது 'டாப் 40' சுற்று: விற்பனைப் பட்டியலில் இருக்கும் நாற்பது பாட்டும் திரும்பத் திரும்ப. 1975 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஒலிபரப்புக் கழகம் இளைஞர்களுக்காகத் தொடங்கிய 'டபுள் ஜே' சிட்னிக்கு மட்டும்தான் எட்டியது. அதன் வழிவந்த 'டிரிபிள் ஜே' பிரிஸ்பேனுக்கு வர இன்னும் பதினைந்து வருடம் பிடித்தது. வணிக எஃப்.எம். வந்ததும் 1980இல்தான். ஆக, ஐந்து வருடம் பிரிஸ்பேனில் ராக் இசையை ஸ்டீரியோவில் கேட்க வேண்டுமா, முள்ளைத் திருப்ப ஒரே இடம்தான். இசைத்தட்டில் எப்படிப் பதிவாகியிருந்ததோ அப்படி, இடப்பக்கக் கிதார் இடப்பக்கமே கேட்கும்படி. எட்டரை நிமிடப் பாட்டை முழுசாகப் போடுவதற்கு அர்த்தம் வருவது அங்கேதான். பொட்டு ஏ.எம். ரேடியோவில் அது வெறும் நீளமான பாட்டு.

என்ன பாட்டு என்பதை அறிவிப்பாளரே தேர்ந்தெடுப்பார். மேலே உட்கார்ந்து பட்டியல் கொடுக்க ஆள் இல்லை. இதில் ஒரு ஆபத்தும் உண்டு. காலையில் ஒருவருக்கு ரெகே, மதியம் இன்னொருவருக்கு ஜெர்மன் மின்னணு இசை, மாலையில் வருபவர் இரண்டையும் மதிக்காதவர். எப்போது திருப்பினாலும் இன்னது கேட்கும் என்ற உத்தரவாதம் நேயருக்கு இல்லை. ஆனால் தனக்குப் பிடித்ததை ஊருக்குக் காட்ட வேண்டும் என்ற தவிப்போடு ஒருவர் மைக் முன்னால் உட்கார்ந்தால் அது குரலில் தெரியும். சம்பளத்துக்குப் பட்டியலை வாசிப்பவரிடம் அது வராது. எங்கேயாவது தன்னார்வத் தொகுப்பாளரோடு ஸ்டுடியோவில் உட்கார்ந்தவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள்: பாட்டு ஓடும்போது அவரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார், மைக்கைத் திறக்க இரண்டு வினாடி தாமதமாகும்.

மண்டபம்

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது ஸ்டுடியோவுக்கு வெளியே நடந்ததுதான்.

டிரிபிள் ஸெட் நடன இரவுகளை நடத்தியது. பெயர் 'ஜாயின்ட் எஃபர்ட்'. கூட்டு முயற்சி என்று பொருள். ஜாயின்ட் என்றால் பேச்சுவழக்கில் கஞ்சா பீடியும்தான். வைத்தவர்களுக்கு இரண்டும் தெரியும். பல்கலைக்கழகத்தின் மாணவர் உணவுக்கூடத்தில் மேசைகளை ஓரம் கட்டினால் மண்டபம் தயார். வெளியூர்ப் பெரிய குழு ஒன்று, அதற்கு முன்னால் உள்ளூர்க் குழு ஒன்றோ இரண்டோ. நுழைவுச்சீட்டுப் பணம் நிலையத்துக்கு. அடுத்த நாள் மேடையேறிய உள்ளூர்க்காரரின் பாட்டு வானொலியில் போகும். அதைக் கேட்டவர்கள் அடுத்த ஜாயின்ட் எஃபர்ட்டுக்கு வருவார்கள். ராட்டினம் போலச் சுற்றிக்கொண்டே இருந்தது.

பணம் வந்தது என்பதோடு இது நிற்கவில்லை. வானொலி நேயர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவே மாட்டார்கள், அதுதான் வானொலியின் பலவீனம். நான் ஒருத்தன்தான் இந்தப் பைத்தியக்கார இசையைக் கேட்கிறேன் என்று ஒவ்வொருவரும் தன் அறையில் நினைத்துக்கொண்டிருப்பார்கள். மண்டபத்துக்கு வந்தால் தன்னைப் போலவே நூற்றுக்கணக்கில் ஆள் நிற்பது தெரியும். ஊர்வலம் போனால் வண்டியில் ஏற்றும் ஊரில் இது சின்ன விஷயமில்லை. போலீசுக்கும் இது புரிந்திருந்தது. புறநகர் மண்டபங்களில் நடந்த பங்க் கச்சேரிகளை (வேகமும் கூச்சலுமான ராக் வகை) அவர்கள் நடுவிலேயே புகுந்து நிறுத்துவது வாடிக்கை.

நகரில் எல்லாரும் அறிந்த மண்டபம் ஒன்று இருந்தது: கிளவுட்லேண்ட். போவன் ஹில்ஸ் பகுதியில் குன்றின் உச்சியில், 1940இல் திறந்தது. முகப்பில் பெரிய வளைவு, இரவில் அதில் விளக்கெரிந்தால் நகரின் பாதிக்குத் தெரியும். உள்ளே மரத்தாலான ஆட்டத்தளம், ஆடுபவரின் காலுக்கு ஏற்பத் துள்ளிக் கொடுக்கும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் தங்கிய இடம், 1958இல் பட்டி ஹாலி பாடிய இடம். டிரிபிள் ஸெட் கச்சேரிகளும் அங்கே நடந்தன. அப்பா அம்மா காதலித்த மண்டபத்திலேயே பிள்ளைகள் பங்க் இசைக்குக் குதித்தார்கள். 1982 நவம்பர் 7 அன்று, ஊர் விழிப்பதற்கு முன், இடிப்பு இயந்திரங்கள் வந்தன. விடிந்தபோது மண்டபம் இல்லை. பழைய கட்டடங்களை இப்படி இருட்டில் தரைமட்டமாக்குவது அந்த ஆட்சிக்காலத்தின் பாணி. அரசியலில் ஒன்றும் அக்கறை இல்லாத நடுத்தர வயதுக்காரர்கள் பலருக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது அன்றைக்குத்தான் என்று அங்கே இன்றும் சொல்வார்கள். கட்டடம் போனால் பாட்டும் போகும் என்பதை டிரிபிள் ஸெட் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

உள்ளூர்க் குழுக்கள்

இங்கே கொஞ்சம் எச்சரிக்கையாக எழுத வேண்டும். பிரிஸ்பேன் இசை என்றால் உலகம் முதலில் சொல்வது 'தி செயின்ட்ஸ்' குழுவை. அவர்களை டிரிபிள் ஸெட் உருவாக்கவில்லை. நகரின் தென்மேற்குப் புறநகர்ப் பையன்கள். மேடை கிடைக்காததால் பெட்ரி டெரஸில் தாங்கள் குடியிருந்த வீட்டையே கச்சேரி இடமாக்கி 'கிளப் 76' என்று பெயர் வைத்தவர்கள். 1976 செப்டம்பரில் சொந்தக் காசு போட்டு முதல் இசைத்தட்டை அச்சடித்தார்கள். அது லண்டனுக்குப் போய், 'சவுண்ட்ஸ்' இதழ் தலையில் வைத்துக் கொண்டாடியது. இசைத்தட்டு நிறுவனமான லண்டன் இ.எம்.ஐ. தன் சிட்னி கிளைக்குத் தகவல் சொல்லி அவர்களைப் பிடிக்கச் சொன்னது. அடுத்த வருடமே ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். சொந்த ஊர் கண்டுகொள்ளுமுன் கடல் கடந்து பேர் வாங்கும் கதை நமக்கும் புதிதில்லை.

டிரிபிள் ஸெட்டின் பங்கு அடுத்து வந்தவர்களிடம் தெரிகிறது. செயின்ட்ஸ் மாதிரி எல்லாராலும் கப்பலேற முடியாது. அதே பல்கலைக்கழகத்தில் படித்த ராபர்ட் ஃபோர்ஸ்டர், கிராண்ட் மெக்லெனன் என்ற இரண்டு நண்பர்கள் 1977இன் கடைசியில் 'தி கோ-பிட்வீன்ஸ்' என்ற குழுவை ஆரம்பித்தார்கள். 1978இல் அவர்களும் சொந்தமாகவே முதல் தட்டைக் கொண்டுவந்தார்கள். கூச்சமும் புத்தக வாசனையும் கலந்த பாட்டுகள். கத்தல் இல்லை, சாராயக்கடை மேடைக்கு ஏற்ற சரக்கும் இல்லை. இப்படிப்பட்ட ஒன்றை முதல் ஐம்பது பேருக்குக் கொண்டுபோக ஒரு வழி வேண்டும். வணிக நிலையம் தேசிய அளவில் விற்பனையைக் கேட்கும். விற்க வேண்டுமானால் ஒலிபரப்பாக வேண்டும், ஒலிபரப்பாக வேண்டுமானால் விற்றிருக்க வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் உள்ளூர் நிலையம். குழு தன் கேசட்டைத் தூக்கிக்கொண்டு நேரே படியேறும், பிடித்திருந்தால் அறிவிப்பாளர் போடுவார், அவ்வளவுதான் நடைமுறை.

அதில் தரக்குறைவான பதிவுகளும் போயிருக்கும். வாத்தியம் சுருதி சேராமல், குரல் டிரம்ஸுக்கு அடியில் புதைந்து. நம் ஆகாசவாணியில் குரல் தேர்வு வைத்து 'பி', 'பி ஹை', 'ஏ' என்று படி கொடுப்பார்களே, அந்தச் சல்லடைக்கு நேர் எதிரான முறை. எது சரி என்று சண்டை போடத் தேவையில்லை. சல்லடை வித்வானைக் காப்பாற்றுகிறது. படியேறி வருபவனுக்குக் கதவைத் திறப்பதோ ஒரு ஊரில் பத்துப் பையன்களையும் பெண்களையும் கிதாரைத் தூக்க வைக்கிறது. மோசமான கேசட்டை வானொலியில் கேட்டவன் "இதைவிட நான் நன்றாக வாசிப்பேன்" என்று கிளம்புவான். பாதிக் குழுக்கள் பிறப்பதே அப்படித்தானே.

வருடம் முழுக்க அறிவிப்பாளர்கள் தங்கள் ரசனையைக் காட்டினால், வருடக் கடைசியில் முறை நேயருடையது. 'ஹாட் 100' என்ற வாக்கெடுப்பு: நேயர்கள் எழுதிப் போடும் பாட்டுகளை எண்ணி, புத்தாண்டு தினத்தில் நூறிலிருந்து ஒன்று வரை வரிசையாக ஒலிபரப்புவார்கள். பின்னாளில் டிரிபிள் ஜே தேசிய அளவில் நடத்திப் பெரும் பேர் வாங்கிய நூறு பாட்டு வாக்கெடுப்புக்கு இது மூத்தது. ஊருக்குள் இருக்கும் நண்பர்கள் கூட்டம் போட்டுத் தங்கள் குழுவுக்கே ஓட்டுப் போட்டால் உள்ளூர்ப் பாட்டு உலகப் புகழ்பெற்றதைத் தாண்டி மேலே போகும். அதைக் குறை என்று சொல்ல மாட்டேன். உள்ளூர்த் தேர்தல் உள்ளூர்த் தேர்தலாகத்தான் இருக்கும்.

காசு

பணக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆஸ்திரேலியாவில் சமுதாய வானொலி விளம்பரம் போட முடியாது. 'இந்த நிகழ்ச்சிக்கு ஆதரவு தருபவர்' என்ற அறிவிப்பு மட்டும் மணிக்கு ஐந்து நிமிடம் வரை போகலாம். மிச்சம் முழுக்க சந்தா. வருடத்துக்கு ஒருமுறை, மாரத்தானை ஒட்டி 'ரேடியோதான்' என்று பெயர் வைத்து, நாள்கணக்கில் உட்கார்ந்து நேயரிடம் சந்தா கேட்பார்கள். கேட்பது யாரிடமிருந்து என்பதும் பாட்டைத் தீர்மானிக்கிறது. பத்து லட்சம் பேர் லேசாகக் கேட்கும் நிலையத்துக்கு விளம்பரதாரர் வருவார். சந்தா கட்ட அது போதாது. ஒரு சில ஆயிரம் பேராவது, இந்த நிலையம் இல்லாவிட்டால் வேறு கதியில்லை என்று நினைக்க வேண்டும். எல்லாருக்கும் ஓரளவு பிடித்த பாட்டுக்கு யாரும் சந்தா கட்ட மாட்டார்கள்.

1980இல் வணிக எஃப்.எம். வந்ததும் ஸ்டீரியோ என்ற தனிப்பெருமை போனது. ராக் கேட்கத்தான் வந்தோம் என்றிருந்தவர்களுக்கு இப்போது இன்னொரு கடை திறந்துவிட்டது. நிலையம் ஒல்லியாகத்தான் அந்தப் பத்தாண்டை ஓட்டியது.

விடியற்காலை

1988இல் மாணவர் சங்கத் தலைமை பழமைவாத அணியின் கைக்கு வந்தது. கட்டடம் சங்கத்துடையது, குடியிருப்பது சங்கத்துக்குப் பிடிக்காத வானொலி. டிசம்பர் 14 அன்று, பொழுது விடியுமுன் ஆள் வந்து, ஸ்டுடியோவில் இருந்தவர்களை வெளியேற்றி ஒலிபரப்பை நிறுத்தினார்கள். கிளவுட்லேண்டுக்கு நடந்ததும் அதே நேரக் கணக்குதான்: ஊர் தூங்கும்போது முடித்துவிடு.

ஆனால் மண்டபத்துக்கு இல்லாத ஒன்று வானொலிக்கு இருந்தது. மண்டபம் காணாமல் போனது விடிந்த பிறகுதான் தெரியும். வானொலி நின்றால், எழுந்து முள்ளைத் திருப்பிய அத்தனை பேருக்கும் அந்த வினாடியே தெரியும். பாட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. சேதி பரவி ஆதரவாளர்கள் வளாகத்தில் திரண்டார்கள், உள்ளே நுழைந்து நிலையத்தைத் திரும்பப் பிடித்தார்கள். வந்தவர்களுக்கு ஒருவரை ஒருவர் முன்பே தெரியும். உணவுக்கூடத்தில் சேர்ந்து ஆடியவர்கள், ஊர்வலத்தில் சேர்ந்து கைதானவர்கள், குழுவில் டிரம்ஸ் வாசித்தவர்கள், போஸ்டர் ஒட்டியவர்கள். பதின்மூன்று வருடம் நடன இரவு நடத்தியதற்கு வட்டி அன்று வந்தது.

இருந்தாலும் வீட்டுக்காரர் வேண்டாம் என்றபின் எத்தனை நாள் இருக்க முடியும்? 1989இல் வளாகத்தை விட்டு டூவாங் பகுதிக்கு மாறினார்கள். 1990களின் தொடக்கத்தில் ஃபோர்டிட்யூட் வேலியில் சொந்தமாக ஒரு கட்டடம் வாங்கினார்கள். அது ஆஸ்திரேலியக் கம்யூனிஸ்ட் கட்சியின் குயின்ஸ்லாந்துக் கிளைக்குத் தலைமையகமாக இருந்த கட்டடம். சந்தாவில் ஓடும் வானொலி நகரின் இரவு வாழ்க்கை நடக்கும் இடத்தில் சொந்த வீடு வாங்கியது பெரிய காரியம். இன்னொரு முறை விடியற்காலையில் ஆள் அனுப்ப இனி யாராலும் முடியாது.

எதிரி போன பிறகு

1987இல் பியல்கி-பீட்டர்சன் பதவியிழந்தார். ஃபிட்ஸ்ஜெரால்டு விசாரணை போலீஸ் ஊழலைக் கிழித்துப் போட்டது, கமிஷனரே சிறைக்குப் போனார். 1989 டிசம்பரில் 32 வருடம் கழித்து தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. அதே நேரத்தில் அரசுப் பணத்தோடு டிரிபிள் ஜேயும் ஊருக்குள் வந்தது. அரசியலில் எதிரி இல்லை, இசையில் தனியுரிமை இல்லை. எதிர்ப்பு வானொலி மட்டுமாக இருந்திருந்தால் டிரிபிள் ஸெட் அதோடு முடிந்திருக்கும்.

முடியாததற்குக் காரணம் உள்ளூர் என்ற சொல்தான். டிரிபிள் ஜே சிட்னியிலிருந்து நாடு முழுக்கப் பேசுகிறது. பிரிஸ்பேன் குழு ஒன்று அதன் கண்ணில் படலாம், படாமலும் போகலாம். வியாழக்கிழமை இரவு ஃபோர்டிட்யூட் வேலியின் ஒரு மதுக்கூடத்தில் நாற்பது பேருக்கு முன்னால் யார் வாசிக்கிறார்கள் என்பது அதன் கவலை இல்லை. அது டிரிபிள் ஸெட்டின் கவலை. நாற்பது பேர் கச்சேரியின் விவரத்தை வாசிக்கும் அறிவிப்பாளருக்கு அங்கே வேலை இருந்துகொண்டே இருந்தது.

நகரமும் மெல்ல மாறியது. 2006இல் ஃபோர்டிட்யூட் வேலி பகுதியை 'சிறப்புக் கேளிக்கை வட்டாரம்' என்று அறிவித்து, இசைக்கூடங்களுக்குப் பக்கத்தில் அடுக்ககம் கட்டிக் குடிவந்துவிட்டுச் சத்தம் என்று புகார் சொல்வதற்குக் கடிவாளம் போட்டார்கள். ஆஸ்திரேலியாவில் அதுதான் முதல். 2010இல் பிரிஸ்பேன் ஆற்றின் மேல் ஒரு புதுப் பாலம் திறந்தது, அதற்கு 'கோ பிட்வீன் பாலம்' என்று பெயர். கேசட் போட ஒரே ஒரு வானொலி இருந்த குழுவின் பெயரில் இன்று கார்கள் ஆற்றைக் கடக்கின்றன. கிளவுட்லேண்ட் இருந்த குன்றில் அடுக்குமாடி வீடுகள்.

ஒரு மணி நேரத்திலிருந்து

ராக் இசைக்கு வெளியேயும் நிகழ்ச்சி அட்டவணையில் நிறைய இருந்தது: பெண்களுக்கு, தன்பாலின ஈர்ப்பாளர்களுக்கு என்று அவரவரே நடத்தியவை. அவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன்.

குயின்ஸ்லாந்துப் பூர்வகுடி மக்கள் தங்களை 'மரி' என்பார்கள். 1980களில் டிரிபிள் ஸெட்டில் அவர்களுக்கென்று 'மரி ஹவர்' தொடங்கியது. அந்த ஒரு மணி நேரத்தில் பழகியவர்கள் பின்னால் சொந்தமாகவே ஒரு நிலையம் அமைத்தார்கள். 1993இல் 98.9 அலைவரிசையில் வந்தது. அவர்கள் எந்த இசையைத் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? கன்ட்ரி இசை, அமெரிக்காவின் கிராமப்புறத்தில் பிறந்த கிதார் பாட்டு வகை. வெளியிலிருந்து பார்ப்பவர் தொல்குடி வாத்தியத்தை எதிர்பார்ப்பார். பூர்வகுடிக் குடும்பங்களோ தலைமுறையாக மாட்டுப்பண்ணைகளில் வேலை செய்தவர்கள், ஆஸ்திரேலியக் கன்ட்ரி பாடகர் ஸ்லிம் டஸ்டியின் பாட்டைத் தங்கள் பாட்டாகப் பாடியவர்கள். ஒரு மக்களின் இசை எது என்று அந்த மக்களையே கேட்டால் இப்படித்தான் விடை வரும். பிரிஸ்பேனின் வெள்ளைக்கார லாரி ஓட்டுநர்களும் கன்ட்ரி பாட்டுக்காக அந்த நிலையத்தைத் திருப்புவார்கள்; நடுவில் வரும் பூர்வகுடி மக்களின் பேச்சையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று 'லாக்டு இன்', சிறையில் இருப்பவர்களுக்கான நேயர் விருப்பம். உள்ளே இருப்பவர் கடிதம் எழுதுவார். வெளியே இருக்கும் அம்மாவோ மனைவியோ பிள்ளையோ சேதி சொல்லிப் பாட்டுக் கேட்பார்கள். எட்டரை நிமிடப் பாட்டால் தொடங்கிய நிலையத்தில், எந்தப் பாட்டு நல்ல பாட்டு என்று மூக்கைத் தூக்கிப் பேசுபவர்களுக்குப் பஞ்சம் இருந்திருக்காது. இந்த நிகழ்ச்சியில் அந்த மூக்குக்கு வேலை இல்லை. கேட்டதைப் போட வேண்டும். பெரும்பாலும் சேதிகளில் ஒன்றும் இருக்காது: பிறந்தநாள் வாழ்த்து, வீட்டில் எல்லாரும் சௌக்கியம், ஞாயிறு பார்க்க வருகிறோம். அறிவிப்பாளர் அதைத் தன் குரலில் வாசிப்பார், பெயரைச் சொல்வார், பாட்டைப் போடுவார். பக்கத்து அறைக்காரருக்கும் அது கேட்கும்.